திரும்பி வர ஒரு பணியிடம்: மருத்துவக் கல்வி இயக்குநருக்குக் குமரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம், சென்னை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குலசேகரம் பக்கத்துக்காரி. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்திராவிட்டால் எனக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்காது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறேன். முடிந்ததும் வெளிமாநில ஆய்வகம் ஒன்றில் மரபியல் ஆராய்ச்சிக்குச் சேர்கிறேன். உதவித்தொகை உண்டு, தங்க இடம் உண்டு. ஆகவே எனக்கென்று எதையும் இப்போது கேட்கவில்லை.

படித்து முடித்து ஊருக்குத் திரும்பினால் நான் உட்கார ஒரு பணியிடம் அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு கல்லூரிக்குக் கட்டாயம் என்று தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கும் துறைகளின் பட்டியலில் மருத்துவ மரபியல் இல்லை. பட்டியலில் இல்லாத துறைக்கு ஆள் கேட்டால் நிதித்துறை என்ன சொல்லும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாநிலம் நினைத்தால் பட்டியலுக்கு மேலும் செய்யலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு மரபியல் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். முதலாம் ஆண்டு உடற்கூறியலில் குரோமோசோம். உயிர்வேதியியலில் பி.சி.ஆர். அடுத்து நோய்க்குறியியலில் ஒரு அதிகாரம். கடைசி ஆண்டில் குழந்தை மருத்துவத்தில் டவுன் சிண்ட்ரோம். நாலு துறையும் ஆளுக்குக் கொஞ்சம் சொல்லும். நோயாளியை முன்னால் வைத்து யாரும் சொல்வதில்லை. குடும்ப வரைபடத்தில் சதுரம் போட்டால் ஆண், வட்டம் போட்டால் பெண், உள்ளே கறுப்பு அடித்தால் நோய் உள்ளவர், இரட்டைக் கோடு இழுத்தால் சொந்தத்தில் கல்யாணம் என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்து கையெழுத்து வாங்கினேன். வார்டில் படுத்திருக்கும் ஒருவருடைய குடும்பத்துக்கு அதை வரைந்து கொண்டு வா என்று ஒருவரும் சொன்னதில்லை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும், அவ்வளவுதான்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மருத்துவ வார்டில் ஒல்லியான இளைஞர்கள் சிலரைப் பார்த்தேன். சிறு வயது முதல் விட்டுவிட்டு வயிற்றுவலி, இருபது இருபத்தைந்து வயதுக்குள் சர்க்கரை, எக்ஸ்ரே எடுத்தால் கணையம் நெடுகக் கல். குடிப்பழக்கம் கிடையாது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பாடப்புத்தகம் பெயர் சொல்லும். இந்த நோயை விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் கேரளத்து மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ். நோய் மிகுந்திருந்த இடங்களில் ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு மரச்சீனி. 1979-இல் மக்மில்லன் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு கருதுகோளை எழுதினார்: கிழங்கில் உள்ள சயனைடு சேர்மங்கள்தான் கணையத்தைக் கெடுக்கின்றன என்று. எங்கள் ஊரில் பெரியவர்கள், "கிழங்கு தின்னா வயிறு கெடும், சீனி வரும்" என்று சொல்வதற்கு ஆராய்ச்சித் தாளிலேயே ஆதாரம் இருப்பது போல இருந்தது எனக்கு.

ஆனால் கணக்கு இடித்தது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் சோற்றுக்கு மாற்றாகப் பரப்பப்பட்ட கிழங்கு அது. எங்கள் வீட்டில் இன்றும் பல நாள் ராத்திரிச் சாப்பாடு கிழங்கும் மீன்குழம்பும்தான். கிழங்குதான் காரணம் என்றால் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பாதிப் பேருக்குக் கணையத்தில் கல் இருக்க வேண்டுமே? தேடிப் படித்தேன். 2000-இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நெடுநாள் மரச்சீனி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரையும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. 2002-இல் பல ஆய்வுக் குழுக்கள், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனமும் அதில் உண்டு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றைச் சொன்னார்கள். ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் என்34எஸ் என்ற மாற்றம் இந்த நோயாளிகளிடம் மற்றவர்களைவிட மிக அதிகம். டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே முந்திக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாமல் தடுக்கும் புரதத்துக்கான மரபணு அது. சரி, பதில் கிடைத்தது என்று புத்தகத்தை மூட முடியவில்லை. அந்த மாற்றம் இருந்தும் நோயில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. நோய் இருந்தும் அந்த மாற்றம் இல்லாதவர்கள் உண்டு. கிழங்கும் முழுக் காரணமில்லை, இந்த ஒரு மரபணுவும் முழுக் காரணமில்லை. மிச்சம் என்ன என்று கேட்டுக்கொண்டுதான் நான் கிளம்புகிறேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டாக்டருக்குப் படிச்சிட்டு ஈய வச்சா மக்கா ஆராய்ச்சி செய்யப் போற?" என்றார். மரபியல் ஆய்வகங்களில் வளர்க்கும் பழ ஈ பற்றி எங்கிருந்தோ கேள்விப்பட்டிருக்கிறார். மார்த்தாண்டத்தில் கிளினிக் போடுவேன் என்று மனதில் வைத்திருந்த மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு படித்தவர்களும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் நாகரிகமாக.

பின்னால் வருகிற பிள்ளைகளுக்காக வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. எம்.டி. குழந்தை மருத்துவமோ பொது மருத்துவமோ மகப்பேறோ முடித்துவிட்டு, மூன்று ஆண்டு டி.எம். மருத்துவ மரபியல் படிக்கலாம். லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை நிறுவனம், டெல்லி எய்ம்ஸ், ஹைதராபாத் நிம்ஸ் போன்ற சில இடங்களில்தான் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். தொடங்கிய நாளிலிருந்து கூட்டினால் பதினொன்றரை ஆண்டு. இல்லையென்றால் எம்.பி.பி.எஸ். முடித்தவரை நேராக முனைவர் பட்டத்துக்கு எடுக்கும் ஆய்வு நிறுவனங்கள் உண்டு. படிக்கும்போதே ருசி பார்க்க ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு கேள்வி. அந்த வழிகாட்டி கிடைப்பதுதான் பாடு. வார்டும் வகுப்பும் பார்த்துக் களைத்த ஆசிரியரிடம் போய் "சார், மரபணு" என்று நின்றால் அவர் என்ன செய்வார்?

குமரியில் இருந்துகொண்டு ஆராய்ச்சியா என்று சிரிக்கிறவர்களுக்கு நெய்யூரைக் காட்டுவேன். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல், லண்டன் மிஷனின் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர். திருவிதாங்கூர் மக்களுக்கு ஏன் இவ்வளவு டியோடினல் அல்சர் (சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்) என்பது அவருக்கு உறுத்தியது. தான் கத்தி வைத்த நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி 1930-களில் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி, வரிசையாக நோயாளிகள், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு ஆள், அவ்வளவுதான் அங்கே இருந்தது.

இனி நான் சொல்வது ஒரு குடும்பத்தின் கதை. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை.

ஏழு வயதுப் பையன். ஓடினால் விழுகிறான். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கைவைத்து ஏறி ஏறித்தான் எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்குப் போல உருண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைப் போல முதலில் வர்ம ஆசானிடம் கொண்டு போயிருக்கிறார்கள். எண்ணெய் போட்டு உழிந்து பார்த்துவிட்டு, "இது வர்மம் கொண்டதில்ல, ரத்தத்தில உள்ள தீனம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று அனுப்பியவரே அந்த ஆசான்தான். எங்களில் சிலர் ஆசான்மாரைப் பற்றி இளப்பமாகப் பேசும்போது இவரை நினைத்துக்கொள்வேன். அவர் சொன்ன பிறகுதான் சி.பி.கே. (தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதி) பார்க்கப்பட்டது, ஆயிரக்கணக்கில் இருந்தது. டூஷேன் தசைச்சிதைவு என்ற சந்தேகத்தில் மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் வெளி ஆய்வகத்துக்குப் போனது, குடும்பத்தின் காசில்.

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 79 எக்ஸான்களில், அதாவது துண்டுகளில், சில இல்லை என்று அதில் இருந்தது. அதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா என்னிடம், "எனக்க மோனுக்கு என்ன தீனம், அத மட்டும் தமிழில சொல்லிப் போடு பிள்ளே" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது குடும்பத்தில் வேறு யார் யார் என்று கேட்டு, நோட்டில் வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு ஒரு தங்கச்சி. தங்கச்சிக்கு ஏழாம் மாதம்.

இந்த நோய் எக்ஸ் குரோமோசோமில் வருவது. மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களில் தாய் அந்த மாற்றத்தைச் சுமப்பவராக இருப்பார். மிச்சத்தில் பிள்ளையிடம் புதிதாக ஏற்பட்டிருக்கும். தாய் சுமப்பவர் என்றால் அடுத்து ஆண் பிள்ளை பிறந்தால் அவனுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு, தாயின் சகோதரியும் சுமப்பவராக இருக்கலாம். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தாய்க்குப் பரிசோதனை எழுதப்படவில்லை. தங்கச்சி இருக்கிறாளா என்று யாரும் கேட்கவே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகும் கருக்கலைப்புச் சட்டம், கருவில் கடும் குறைபாடு போன்ற குறிப்பிட்ட நிலைகளில் 24 வாரம் வரைதான் அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் மருத்துவக் குழு, மனு, அலைச்சல். அந்தத் தங்கச்சி என்ன முடிவெடுத்திருப்பாள் என்பது அவளுடைய விஷயம். முடிவெடுக்க நேரமே கிடைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இன்னொன்றும் நடந்தது. "அப்போ இது எனக்க ரத்தத்தில இருந்து போனதுதானா?" என்று அந்த அம்மா கேட்டபோது பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதை யாரை அருகில் வைத்துச் சொல்லக்கூடாது என்பதும் ஒரு படிப்பு. அதற்கு மரபியல் ஆலோசனை என்று பெயர். எங்கள் பாடத்திட்டத்தில் அது ஒரு வரி.

சொந்தத்தில் கட்டாதே என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள், மருத்துவர்களும்கூட. மாமன் மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தையின் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16-இல் ஒரு வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டினால் 8-இல் ஒன்று. இதைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் "நாங்க சொந்தம் இல்லியே டாக்டர், வெளியிலதான் எடுத்தோம்" என்பவர்களும் வெளியில் எடுப்பது ஒரே சாதிக்குள், அதிலும் நான்கைந்து ஊருக்குள். 2017-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வு தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், மரபு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட குறுகிய மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டது. பரிசோதனைக்கூடத்துச் செய்தி என்று இதைத் தள்ள முடியாது. வைசிய சமூகத்தினர் சிலருக்கு, அறுவையின்போது தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசி போட்டால், சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. அந்த மருந்தை உடைக்கும் நொதி அவர்களிடம் இல்லை. மயக்கவியல் மருத்துவர்களுக்கு இது அனுபவப் பாடம். 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் தண்டபாணியின் பெயர் முதலில் நின்ற கட்டுரை, இதயத் தசை மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் நம் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 100-க்கு 4 பேரிடம் இருப்பதைச் சொன்னது. மதுரையில் பார்க்க முடிந்தால் நாகர்கோவிலில் ஏன் முடியாது?

கடற்கரைக்கு வருகிறேன். இதைத் தொடாமல் குமரியில் மரபணு பற்றிப் பேச முடியாது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. அந்த மணலில் தோரியம் இருக்கிறது, அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் பேசப்பட்டபோது டீக்கடை வரை இதே பேச்சு. ஒரு பக்கம், கடற்கரையில் எல்லாருக்கும் கேன்சர் என்றார்கள். மறுபக்கம், ஒன்றுமே இல்லை, ஆய்வு சொல்லிவிட்டது என்றார்கள். எந்த ஆய்வு? அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை கொல்லம் மாவட்டத்தில் நடந்தவை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் 1990 முதல் பதிவேடு நடத்தி, 2009-இல் வெளியிட்ட முடிவில், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வகம் 1986 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் குரோமோசோம்களைப் பார்த்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஆனால் 2002-இல் வேறொரு குழு, அதே கரையில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் புதிய மாற்றங்கள் கூடுதல் என்று கண்டது. (செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பெண்வழியாகவே போகும், நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழிக் காலத்தில் சொத்துப் போனது போல.) மாற்றம் கூடினால் நோய் கூடும் என்று பொருளில்லை. ஒன்றும் கூடவில்லை என்று ஒரே போடாகப் போடவும் முடியாது. இயற்கையாகக் கிடக்கும் மணலைப் பற்றிய ஆய்வை, தோண்டிப் பிரிக்கும் மணலுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. கடியப்பட்டணத்திலும் முட்டத்திலும் இதைக் கேட்கிற ஒரு தாய்க்குக் கொல்லத்துக் கணக்கைக் காட்டி எத்தனை நாள் சமாளிப்பது?

ஆராய்ச்சி என்றால் எங்கள் மக்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தம் எடுக்க ஒரு கூட்டம் வரும், போகும், பிறகு வராது, இது தெரியும். இதற்கு மாறான ஒரு முன்மாதிரியும் எங்கள் மலையில்தான் இருக்கிறது. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போனவர்களுக்குக் காணி மக்கள் களைப்புத் தெரியாமலிருக்கத் தாங்கள் தின்னும் ஒரு காயைக் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் தனக்கு வந்த உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவானது. அது கேரளப் பக்கத்தில் நடந்தது, குறைகளும் பேசப்பட்டன. இருந்தாலும் கேட்டு வாங்கினார்கள், பங்கு வைத்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் காணிக் குடியிருப்புகளுக்கு நாளை யாராவது இரத்தக் குழாயோடு போனால், முடிவை யார், எந்த மொழியில், எப்போது வந்து சொல்வார்கள் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நல்லது. அந்தத் தரவைப் பார்த்து ஒரு குடும்பத்துக்குப் பொருள் சொல்லும் ஆள் மாவட்டத்தில் இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு அது நல்லது.

இனி நான் கேட்பவை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், மரபியல் வெளிநோயாளர் பிரிவு ஒன்று வேண்டும். தொடக்கத்தில் டி.எம். படித்தவர் வேண்டியதில்லை. குழந்தை மருத்துவத்திலிருந்து ஒருவர், மகப்பேறிலிருந்து ஒருவர். இருவரையும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உம்மீத் திட்டப் பயிற்சிக்கு அனுப்பலாம். அரசு மருத்துவர்களுக்காகவே 2019-இல் தொடங்கியது அது. கூடவே தமிழில், எங்கள் ஊர்த் தமிழில், பேசத் தெரிந்த ஒரு மரபியல் ஆலோசகர். குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் குழுக்கள் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கண்டுபிடித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்பும் குழந்தைகள் நேராக இந்த மேசைக்கு வரட்டும். சிக்கலான குடும்பங்களைக் காணொளியில் சென்னையோடோ வேலூரோடோ பேசலாம். கர்ப்பத்தில் பரிசோதனை என்றால், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி மரபியல் ஆலோசனை மையம் என்று தனிப் பதிவு வேண்டும். அந்தத் தாள் வேலையை இப்போதே தொடங்கினால்தான் நடக்கும்.

மாதிரி வெளியே போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இங்கே மரபணுவைப் படிக்கும் கருவியான சீக்வென்சர் ஒன்று வாங்கி வையுங்கள் என்று கேட்க மாட்டேன். வாங்கினால் இரண்டு ஆண்டில் ரியேஜென்ட் (அதற்கு ஊற்றும் வேதிப்பொருள்) இல்லாமல் உறைபோட்டுக் கிடக்கும், நாம் பார்க்காததா? போகிற மாதிரிக்கு ஒரு காலக்கெடு வேண்டும், திரும்பி வருகிற அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொன்னதற்குக் கோப்பில் ஒரு பதிவு வேண்டும், குடும்பத்தில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டதற்கு ஒரு கட்டம் வேண்டும். அந்த ஒரு கட்டம் படிவத்தில் இருந்திருந்தால் மேலே சொன்ன தங்கச்சியின் பெயர் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும்.

மாணவர்கள் பக்கத்தில் செலவே இல்லாத ஒன்று உண்டு. எங்கள் பாடத்திட்டத்தில் குடும்பத் தத்தெடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்று, முதலாண்டு முதல் போய்வருகிறோம். உயரம், எடை, பிரஷர் எழுதுகிறோம். அதோடு மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்றையும் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். யார் யாருக்குக் கொடுத்தது, எந்தப் பிள்ளை எந்த வயதில் போனது, யாருக்குக் காது கேளாது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறு மாத வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். அவர் போன பிறகு அந்தத் தகவல் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. ஆனால் வரைபடத்தை வீட்டுப் பெயரோடு கல்லூரி அலமாரியில் திறந்து போட்டுவிடக் கூடாது. ஒரு தாள் வெளியே போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. எண்ணிட்டுப் பூட்டிவைக்க வேண்டும். எலெக்டிவ் என்று எங்களுக்குக் கிடைக்கும் சில வாரங்களில் மரபியலையும் ஒரு தெரிவாகச் சேர்த்தால், வருகிற பிள்ளைகள் நான் தேடியது போல இருட்டில் துழாவ வேண்டியிருக்காது.

வார்டில் படுக்கைக்கு ஆள் கூட்டம், டெங்கு, சர்க்கரை, விபத்து, இதற்கு நடுவே அரிய நோயா என்று உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். நானும் இரவுப் பணி பார்த்தவள்தான். சிகிச்சை இல்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன் என்பார்கள். பிறவித் தைராய்டு குறைபாட்டைக் குதிங்காலில் ஒரு துளி இரத்தத்தில் கண்டு, முதல் சில வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளையின் மூளை தப்பும். தவறினால் ஆயுசுக்கும் திரும்பாது. டூஷேனுக்கு முழுத் தீர்வு இல்லை, ஆனால் ஸ்டீராய்டு நடக்கும் காலத்தைக் கூட்டும், இதயத்தை முன்கூட்டிக் கவனிக்கலாம். 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் தகுதியுள்ள நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் அதற்கு நோய் உறுதியாக வேண்டும், உயர் சிறப்பு மையத்தில் பதிவாக வேண்டும். அப்படியொரு மையமான எஸ்.ஏ.டி. மருத்துவமனை திருவனந்தபுரத்தில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சென்னை சுமார் 700. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் நோய் என்றால் இன்றும் களியக்காவிளை தாண்டுகிறது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை, நல்ல ஆஸ்பத்திரி எங்கிருந்தாலும் போவோம். இரண்டு அரசுகளும் பேசி ஒரு பரிந்துரைப் படிவத்தை ஒத்துக்கொண்டால் எங்கள் தாய்மார் அங்கே வரிசையில் நின்று முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலில் நின்ற மாவட்டம் இது. எங்களுக்கு விளக்கிச் சொன்னால் புரியும், ஐயா. படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

கடைசியாகப் பணியிடம். மருத்துவ மரபியலில் உதவிப் பேராசிரியர் என்று ஒரே ஒரு பணியிடம், தென் மாவட்டங்களுக்குப் பொதுவாகவாவது, அடுத்த நிதியாண்டில் உருவாக்க முன்மொழிவு அனுப்புங்கள். எனக்காகக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தகுதி பெற இன்னும் பல ஆண்டு ஆகும். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமே. வியாழக்கிழமைக் காலையில் அவருக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நோயாளியைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஒரு கதவு உள்ள அறை, இவ்வளவு இருந்தால் போதும். மாமியார் வெளியே இருக்கட்டும்.

இந்த மடலின் நகலை மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அலுவலகத்துக்கும் எங்கள் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்புகிறேன். குடும்ப வரைபடத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து இணைத்திருக்கிறேன். கர்ப்பிணி பற்றிய கட்டம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தங்கள் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள், பயிற்சி முடிவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
பயிற்சி மருத்துவர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.